ஒரு ஸ்விட்சுக்கு நாற்பது மெயிலா?

கேள்வி: எங்கள் அலுவலக நெட்வொர்க்கைக் கண்காணிக்க நாகியோஸ் போட்டோம். ராத்திரியில் ஒரு ஸ்விட்ச் படுத்தால் நாற்பது மெயில் வந்து குவிகிறது. நாகியோஸைத் தூக்கிவிடலாமா?

பதில்: தூக்காதீர்கள்! 1999 முதல் ராக்காவல் பார்க்கிற மென்பொருள் அது. யாருக்குப் பின்னால் யார் என்று நீங்கள்தான் அதற்குச் சொல்லவில்லை. அந்த ஸ்விட்சுக்குப் பின்னாலுள்ள ஒவ்வொரு கணினியின் வரையறையிலும் ‘பேரன்ட்ஸ்’ வரியில் ஸ்விட்சின் பெயரை எழுதுங்கள். பிறகு ஸ்விட்ச் விழுந்தால் அது மட்டுமே ‘டவுன்’, மற்றவை ‘அன்ரீச்சபிள்’. இதோடு விட்டால் மெயில் நிற்காது. பலர் இங்கேதான் சலித்துப்போகிறார்கள். அந்தக் கணினிகளின் ‘நோட்டிஃபிகேஷன் ஆப்ஷன்ஸ்’ வரியிலிருந்து ‘யு’ எழுத்தையும் எடுத்துவிடுங்கள். அப்போதுதான் நிம்மதி.

‘மேக்ஸ் செக் அட்டெம்ப்ட்ஸ்’ 1 என்றிருந்தால், ஒரு சோதனை தவறினாலே ஒப்பாரிதான். 3 அல்லது 4 வையுங்கள். அத்தனை முறையும் தோற்றால்தான் செய்தி அனுப்பும். மாற்றியதும் உடனே ரீஸ்டார்ட் செய்யாமல், முதலில் ‘மைனஸ் வி’ கட்டளையால் கான்ஃபிக்கைச் சரிபாருங்கள்.

பிறகு பகல் வெளிச்சத்தில், சகாக்களிடம் சொல்லிவிட்டு, ஸ்விட்சின் கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். ஒரே ஒரு மெயில்தான் வர வேண்டும்.