குறைக்கணக்கு: திருவானைக்காவலில் பாக்கியங்கள் எண்ணப்படும் முறை பற்றி ஓர் ஆய்வு

அமெரிக்காவில் நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமை நன்றி நாள். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1863இல் ஆபிரகாம் லிங்கன் அதை நாடு முழுவதற்குமான நாளாக அறிவித்தார். நான்காம் வியாழன்தான் என்று சட்டம் வந்தது 1941இல். அன்று மேசையைச் சுற்றி உட்கார்ந்து, வான்கோழியில் கை வைப்பதற்கு முன்னால், ஆளுக்கு ஆள் தாம் பெற்ற பாக்கியங்களை வாய்விட்டுச் சொல்வது பல வீடுகளில் வழக்கம். நியூ ஜெர்சியில் அந்த மேசை கலைகிற இரவு ஒன்பது மணி, திருவானைக்காவலில் வெள்ளிக்கிழமை காலை ஏழரை. வெள்ளிக்கிழமை அகிலாண்டேஸ்வரிக்கு உரியது. மாமி தலைக்குக் குளித்து, அர்ச்சனைக் கூடையை எடுத்துக்கொண்டு செருப்பைத் தேடுகிற நேரம் பார்த்து வீடியோ கால் வருகிறது. "பாட்டி, நீ எதுக்கெல்லாம் தேங்க்ஃபுல்? சொல்லேன்" என்கிறாள் பேத்தி. மாமி சற்று யோசிக்கிறார். "என்னத்தச் சொல்றது கொழந்தே, ஏதோ ஓடிண்டிருக்கு. முட்டி வலிதான் தாங்கல."

மேசையில் ஏமாற்றம். பாட்டிக்கு நன்றி என்பதே கிடையாதோ என்று மருமகளுக்குச் சந்தேகம். இந்தக் கட்டுரையின் துணிபு வேறு. அந்த முட்டி வலிக்குள் பாக்கியங்கள் எண்ணி அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. கேட்டவர்களுக்குப் படிக்கத் தெரியவில்லை. முட்டி ஏன் வலிக்கிறது? பிராகாரம் சுற்றியதால். ஏன் சுற்றினார்? வேண்டுதல். என்ன வேண்டுதல்? பிள்ளைக்கு கிரீன் கார்டு. ஆகவே 'முட்டி வலி' என்று வருமிடத்தில் 'கிரீன் கார்டு வந்துவிட்டது' என்று பாடம் கொள்க.

முந்தைய ஆய்வுகளைத் தொட்டுவிட்டுப் போவது முறை. ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பெரிதும் பேசப்படுவது. கல்லூரி மாணவர்களை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். முதல் கூட்டம் வாரம் ஒருமுறை தாம் நன்றி பாராட்டும் விஷயங்களை ஐந்து வரை எழுத வேண்டும். இரண்டாவது கூட்டம் அந்த வாரத்துத் தொல்லைகளை எழுத வேண்டும். மூன்றாவது கூட்டத்துக்கு நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும். பத்து வாரம் இப்படி நடத்திப் பார்த்ததில், முதல் கூட்டத்தாரே தங்கள் வாழ்க்கையைப் பற்றிக் கூடுதல் திருப்தியோடு இருந்தார்கள். நல்ல ஆய்வுதான். திருவானைக்காவலில் நடத்தியிருந்தால் முதல் வாரமே கலைந்திருக்கும். மூன்று கூட்டத்தாரும் ஒரே தாளைத்தான் எழுதிக் கொடுத்திருப்பார்கள்.

களம், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் கிடக்கும் தீவின் கிழக்குப் பகுதி. தரவுகள் ஒன்றாம் நம்பர் பஸ்ஸிலும், சன்னதி வீதிப் பூக்கடையிலும், மருந்துக்கடை வாசலிலும், விடிகாலையில் மதிலோரம் நடப்பவர்களிடமும் திரட்டப்பட்டவை. ஆய்வு நடப்பது தகவலாளிகளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால், "நம்மள வெச்சு எழுத என்ன இருக்கு" என்று அதையும் ஒரு குறையாகப் பதிவு செய்திருப்பார்கள்.

முதலில் குடும்பம். "மருமக என்னை அடுப்பங்கரைப் பக்கமே விடறதில்ல. உக்காந்து உக்காந்து கால் மரத்துப் போறது." "பையன் வந்தான், வந்து என்ன பிரயோஜனம், ரெண்டு பெட்டி நிறைய சாக்லேட்டைக் கொட்டிட்டுப் போயிருக்கான். நேக்கு சுகர். யார் திங்கறது?" இரண்டாவது சான்றில் மட்டும் பிள்ளை, அவன் வருகை, அவன் வசதி, தெருக் குழந்தைகளுக்கு விநியோகம் என்று நான்கு பாக்கியங்கள் இருக்கின்றன. பூக்கார அக்காவின் வாக்குமூலம் இன்னும் சுருக்கம்: "என்ன யாவாரம் சாமி, கட்டிக் கட்டி வெரலே தேஞ்சு போச்சு." வெறுங்கூடையோடு வீடு திரும்புகிறவரின் விரல்தான் தேயும் என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். 1943 முதல் இயங்கும் பார்த்தசாரதி விலாஸில் நெய் ரோஸ்ட் சாப்பிட்டு வந்த ஒருவர் சொன்னார்: "ஞாயித்துக்கிழமைன்னா உட்கார எடம் கிடைக்குதா?" அவர் ஞாயிறு தவறாமல் போகிறவர்.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. புலம்பல் நீள நீளப் பாக்கியம் பெரிது. விதியின் மறுபக்கம்தான் உண்மையில் ஆராயத் தக்கது. நிஜமாகவே நொடித்துப் போனவர் இந்த ஊரில் புலம்புவதில்லை. எதிரே வந்தால், "நல்லா இருக்கோம்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். அந்த வார்த்தையைக் கேட்டதும் ஊருக்குப் பகீரென்கிறது. "என்னவோ சரியில்லை, நல்லா இருக்கேங்கறார்" என்று செய்தி வீதி திரும்புவதற்குள் பரவுகிறது. சாயங்காலம் யாராவது ஒரு பாத்திரத்தில் ரசம் எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டுகிறார்கள். இன்னொருவர், டாக்டரிடம் கூட்டிப் போக ஆட்டோ சொல்கிறார். பணம் யார் கொடுத்தது என்பது கடைசிவரை வெளியே வராது. பிறகு அந்த மனிதர் தேறி எழுந்து, "இந்தத் தெருவுல நிம்மதியா ஒரு காய்ச்சல் வந்து படுக்க முடியுதா, வந்து வந்து கதவைத் தட்டுறாங்க" என்று புலம்ப ஆரம்பித்ததும் தெரு மூச்சு விடுகிறது. சமூகப் பாக்கியம் என்று தனித் தலைப்பு போட்டு எழுத நினைத்ததெல்லாம் இதற்குள்ளேயே அடங்கிவிட்டது.

இனி இம்முறையின் தொன்மை. நாவல் மரத்தடியில் லிங்கம். யானை தும்பிக்கையில் நீர் முகந்து வந்து ஆட்டும். சிலந்தி, மேலே சருகு விழாமல் வலை பின்னும். வலையைக் குப்பை என்று யானை கலைக்கும். சண்டை முற்றி இரண்டும் மாண்டன. சிலந்தி மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது. கதை எல்லோரும் அறிந்தது. அதிலுள்ள கணக்கியலைத்தான் யாரும் கவனிக்கவில்லை. ஒரு சிலந்திக்குச் சோழ நாடு கிடைத்திருக்கிறது. இதைவிடப் பெரிய பதவி உயர்வு எந்தப் பூச்சிக்கும் கிடைத்ததில்லை. மன்னர் என்ன செய்தார்? யானை ஏற முடியாதபடி மாடக்கோயில்களாகக் கட்டித் தள்ளினார். எழுபது என்பது திருமங்கையாழ்வார் கணக்கு. எழுபது கோயில் கட்டும் அளவுக்கு நன்றிக்கடன். எழுபதிலும் யானைக்கு இடமில்லை என்னும் அளவுக்கு மனத்தாங்கல். இரண்டையும் ஒரே செங்கல்லில் கட்டியவர் இவர். (ஆனைக்காக் கோயிலில் இன்று அகிலா என்ற யானை இருக்கிறது, அதற்குக் குளிக்கத் தனித் தொட்டியும் உண்டு. கோச்செங்கணார் காதில் யாரும் போட வேண்டாம்.)

இரண்டாவது சான்று திருநீற்றான் மதில். கோயிலைச் சூழ்ந்த ஐந்தாம் பிராகார மதிலைச் சிவபெருமானே சித்தராக வந்து, ஆள் வைத்துக் கட்டினார் என்பது தலபுராணம். கூலி, ஆளுக்கொரு பிடி திருநீறு. அவரவர் செய்த வேலையின் அளவுக்கு அது பொன்னாகும். பொழுது சாய்ந்து கும்பலாக வீடு திரும்பும் கொத்தனார்களும் சித்தாள்களும் உள்ளங்கையைத் திறந்து காட்டியிருப்பார்களா? காட்டினால் அன்றைக்கு யார் வேலை செய்தார், யார் மரநிழலில் படுத்திருந்தார் என்பது தெருவுக்கே வெளிச்சம். அதிகம் பெற்றவர் மேல் கண் படும். கொஞ்சம் பெற்றவருக்கு மானம் போகும். ஆகவே இரண்டு தரப்பும் கையை இறுக மூடிக்கொண்டு, "என்ன கூலி, சாம்பல்தான்" என்று சொல்லிக்கொண்டே போயிருக்க வேண்டும் என்பது இந்த ஆய்வாளரின் ஊகம். புராணத்தில் இப்படி இல்லை. ஆனால் இந்த ஊரில் யாரிடமாவது சம்பளம் எவ்வளவு என்று கேட்டுப் பார்த்தவர்கள் ஊகத்தை ஒப்புக்கொள்வார்கள்.

எதிர்ச்சான்று ஒன்று உண்டு, மறைப்பது முறையாகாது. காவிரியில் குளிக்கும்போது ஆரத்தை ஆற்றில் விட்ட சோழ மன்னன், புலம்பாமல், ஆனைக்கா ஈசனே இதை ஏற்றுக்கொள் என்று வேண்டினான். ஆரம் திருமஞ்சனக் குடத்தில் புகுந்து வந்து சுவாமி மேல் விழுந்தது என்பது வரலாறு. சுந்தரர் தேவாரத்திலும் இதற்குக் குறிப்பு இருக்கிறது. மன்னன் உறையூர்க்காரன். உறையூர் தென்கரை. களத்துக்கு வெளியே.

மூன்றாவது சான்று நீர். ஐம்பூதத் தலங்களில் இது அப்புத்தலம். ஜம்புகேஸ்வரர் சன்னதியில் ஊற்றுக் கசிவு. ஊரிலும் அப்படியே. இரண்டு ஆற்றுக்கு நடுவில் இருப்பதால் கையை வைத்தால் தண்ணீர். சென்னையில் லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை வைத்த சொந்தக்காரர் வந்து இதைக் கண்டு வாய் பிளக்கும்போது வீட்டுக்காரர் சுவரைக் காட்டுகிறார்: "பார்த்தீங்களா அத்திம்பேர், பூரா ஓதம். வெள்ளையடிச்சு மாளல." மனிதப் பெருமையிலும் இதே கதை. சர் சி.வி. ராமன் 1888 நவம்பர் 7இல் பிறந்தது திருவானைக்காவலில். நோபல் பரிசு 1930இல். ஊர்க்காரரிடம் சொல்லிப் பாருங்கள்: "பொறந்தது இங்கதான், என்ன பண்றது, நாலு வயசுக்குள்ள விசாகப்பட்டணத்துக்குத் தூக்கிண்டு போயிட்டா." ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம், 236 அடி, 1987இல் நிறைவேறியது, மொட்டை மாடியில் நின்றால் முழுதாகத் தெரியும். அதற்கும் உரிய குறை உண்டு: வருகிறவனெல்லாம் அதைப் பார்க்கத்தான் போகிறான், வழியில் நாம் இருப்பது தெரிவதில்லை.

இவர்களுக்குப் பாக்கியங்களை நேரடியாக எண்ண வராது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பிறத்தியாருடையது என்றால் பிசகே வராது. "எதிர்த்த வீட்டுக்காரிக்கு என்ன, ரெண்டும் பிள்ளை, சொந்த வீடு, மாடி போர்ஷன் வாடகை, மாப்பிள்ளை பேங்க், மாமியார் வேற போயாச்சு" என்று ஒரே மூச்சில் வருகிறது. ஆகவே நியூ ஜெர்சி மேசைக்கு ஒரு சீர்திருத்தம் பரிந்துரைக்கலாம்: ஒவ்வொருவரும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருடைய பாக்கியங்களைச் சொல்ல வேண்டும். வான்கோழி ஆறிப்போகும், அதைத் தவிர குற்றமில்லை.

தன்னுடையதைச் சொல்லாததற்குக் காரணம் கண்ணேறு என்பதை விளக்க வேண்டியதில்லை. சொல்லிவிட்டால் மிளகாய், உப்பு, தெருமண் எடுத்துச் சுற்றிப் போட வேண்டும், செலவு. ஒப்பாய்வாளர்கள் இங்கே பூசணியைக் கவனிக்கலாம். அமெரிக்கர்கள் நன்றி நாளன்று பூசணியை மாவுக்குள் வைத்து இனிப்பாகச் சுட்டுத் தின்கிறார்கள். நாம் அதைக் கண்ணேறு கழிய நடுத்தெருவில் உடைக்கிறோம். நுணுகிப் பார்த்தால் அவர்கள் தின்பது பரங்கி, நாம் உடைப்பது வெண்பூசணி. ஆயினும் ஒரு குலத்துக் காய். பாக்கியத்தை வெளியே சொன்னவர்களால் நிம்மதியாகத் தின்ன முடிகிறது. இந்த வேறுபாட்டை அரசியல் பொருளாதாரம் படித்தவர்கள் ஆராயட்டும்.

கலைப் பாக்கியத்துக்கு வருவோம். இதற்கு இந்த ஊர் மூலவர் காளமேகம், 15ஆம் நூற்றாண்டு. வரதன் என்ற பெயரில் ஸ்ரீரங்கம் மடைப்பள்ளியில் பரிசாரகராக இருந்தவர். ஆனைக்காக் கோயிலில் ஆடிய மோகனாங்கியைப் பார்க்க வந்து, காத்திருந்த இடத்திலேயே தூங்கிப்போனார். அதே இரவு, வாக்கு வேண்டித் தவம் இருந்த ஒருவர் முன் அகிலாண்டேஸ்வரி தாம்பூலம் தரித்த பெண்ணாக வந்து, வாயைத் திற என்றாளாம். தவசி எச்சில் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் நேரே தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பினாள். அவர் வாயைத் திறந்தார். கவி மழை.

கேட்டவருக்குக் கிடைக்காமல் கேட்காதவருக்குக் கிடைத்ததே என்று தத்துவம் பேச இதில் இடமிருக்கிறது. அதைப் பேசுபவர்கள் பேசட்டும். நமக்கு வேண்டியது, கிடைத்ததை அவர் என்ன செய்தார் என்பது. திட்டினார். வசை பாடக் காளமேகம் என்று பழமொழியே நின்றுவிட்டது. திருமலைராயன் பட்டினத்தில் மரியாதை கிடைக்கவில்லை என்று அந்த ஊர்மேல் மண்மாரி பொழியப் பாடினார். சாப்பாடு நேரமானதற்குப் பாடினார். சாமியையும் விடவில்லை, கேட்பவருக்குத் திட்டுப்போலவும் சாமிக்குத் துதியாகவும் விழும்படி நிந்தாஸ்துதி பாடினார். அந்த ஒரு சொல்லில் இந்தக் கட்டுரையின் இலக்கணம் முழுவதும் இருக்கிறது. காளமேகம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பது என் கட்சி. சன்னதி வீதியில் அன்றாடம் காதில் விழுந்ததை வெண்பாவில் வைத்தார். அவருடைய வாரிசுகள் இன்றும் உண்டு. வீணை டீச்சர் சொல்கிறார்: "சனி ஞாயிறானா பொடிசுகள் வந்து பிராணனை வாங்கறது." மார்கழியில் நாற்பது புள்ளிக் கோலம் போட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண்மணி: "போறவன் வரவனெல்லாம் நின்னு போட்டோ எடுக்கறான், வாசல் பெருக்க முடியல."

ஆய்வுக் கட்டுரைக்கு நன்றியுரை கட்டாயம். களத்தின் மரபு வழுவாமல் எழுதப்படுகிறது. இல்லாள், ஒரு பக்கம் முடிவதற்குள் மூன்று தடவை காபி கொண்டுவந்து சிந்தனையைக் கெடுத்தாள். ராத்திரியானால் கண் கெட்டுவிடும் என்று விளக்கை அணைத்தாள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஒற்றுப் பார்க்கிறேன் என்று கைப்பிரதியை வாங்கிப்போய்ச் சிவப்பு மையால் கொலைக்களமாக்கினார். திருப்பித் தரும்போது ஒரு தூக்கு நிறையக் கொழுக்கட்டையும் கொடுத்ததால் அன்று எழுத்து ஓடவில்லை. வெளிநாட்டு மகள் அனுப்பிய மடிக்கணினி மடியைச் சுடுகிறது. பத்திரிகை ஆசிரியர் கட்டுரை எங்கே என்று ஓயாமல் போன் செய்து மூச்சு விட விடவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக அகிலாண்டேஸ்வரி. கேட்டதையெல்லாம் ஒன்று பாக்கியில்லாமல் கொடுத்துத் தீர்த்துவிட்டாள். வெள்ளிக்கிழமை வரிசையில் நின்று நின்று சன்னதிக்கு வந்து சேர்ந்தால், கேட்க ஒன்றும் நினைவுக்கு வராமல் முழிக்க வேண்டியிருக்கிறது; பின்னால் நிற்பவர்கள் இடிக்கிறார்கள்.