ஒரு வாய் காபி

கேள்வி: வயிற்று ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்கிறார்கள், கூடவே தண்ணீரும் குடிக்கச் சொல்கிறார்கள். ஒரு வாய் காபி குடித்தால் குடியா முழுகிவிடும்? – வாசகி, தென்காசி

பதில்: குடி முழுகாது, பித்தப்பை சுருங்கும். பாலின் கொழுப்பு உள்ளே போனதுமே அது பித்தநீரைப் பிழிந்துவிட்டு ஒடுங்கிக்கொள்ளும். அதற்குள் கல் தேடுவது, கசங்கிய மஞ்சப்பையில் சில்லறை துழாவுகிற கதை. அதனால்தான் 6 முதல் 8 மணி நேரப் பட்டினி. (சர்க்கரை மாத்திரைக்காரர்கள் முதல் நாளே டாக்டரைக் கேட்டுவிடவும்.) தண்ணீர் சங்கதி அடிவயிற்றுக்கு. ஸ்கேனின் ஒலி அலைக்குக் காற்று ஆகாது, தண்ணீர் தாராளம். நிரம்பிய சிறுநீர்ப்பை, காற்றடைத்த குடலை ஒதுக்கிவிட்டுக் கருப்பையைத் தெளிவாகக் காட்டும். ஆனால் முட்டிக்கொண்டு நிற்கும்போதுதான் நமக்கு முந்தின டோக்கன்காரர் உள்ளே போய் வெளியே வரமாட்டார். பொறுக்காமல் பாத்ரூம் போனீர்களோ, மறுபடி ஒரு பாட்டில், மறுபடி ஒரு மணி நேரம்.