மூச்சு வாங்காமல் பேசுவோர் சங்கம்

எங்கள் ஓட்டக் குழுவில் ஒரு செய்தி கிளம்பினால் அது மூன்று வேகத்தில் போகும். ஒரு கிலோமீட்டரை ஐந்து நிமிடத்தில் கடக்கிறவர்களிடம் தலைப்பு மட்டும்தான் இருக்கும். "பல் டாக்டர்... காரை... வித்துட்டாரு." அதற்குமேல் மூச்சு இடம் கொடுக்காது. ஆறரை நிமிடக்காரர்களிடம் வரும்போது என்ன கார், எவ்வளவுக்குப் போனது என்று இரண்டு வரி சேர்ந்துகொள்ளும். எட்டு நிமிடக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தால்தான் முழு விவரம்: வாங்கினவர் யார், அவருடைய மச்சினர் என்ன செய்கிறார், டாக்டருக்கு விற்க மனசே இல்லையாம், வீட்டில்தான் பிடிவாதமாம், அந்தப் பிடிவாதத்துக்கு முன்கதை என்ன என்பது வரை. நான் நடுக் குழு. முழுக்கதை வேண்டுமென்றால் வேகத்தைக் குறைத்துப் பின்னால் வருகிறவர்களோடு ஒட்டிக்கொள்வேன். கோச் கேட்டால் இன்று எனக்கு ரிகவரி ரன்.

கோச் சாருக்கும் இதில் பங்கு உண்டு. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவர் சொல்லித்தருகிற முதல் பாடம் 'டாக் டெஸ்ட்'. நீண்ட தூரம் ஓடும்போது பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். முடியவில்லையா, வேகம் ஜாஸ்தி, குறை. பல நாடுகளில் பயிற்சியாளர்கள் சொல்கிற விதிதான் இது. நேரத்துக்குத் தூங்கு, எண்ணெய்ப் பலகாரத்தை விடு, ஓடி முடித்ததும் தசைகளை நீட்டிவிடு என்று அவர் சொன்ன மற்ற எல்லாம் காற்றோடு போயின. இந்த ஒன்றை மட்டும் குழு சிரமேற்கொண்டு நடத்துகிறது. பேசுவதற்கு மருத்துவக் காரணம் கிடைத்த தமிழர்களை இனி யார் நிறுத்துவது?

ஞாயிறு காலை ஐந்து மணிக்கு எலியட்ஸ் கடற்கரையில் ஷ்மிட் நினைவுச் சின்னத்தின் அடியில் கூடுவோம். கடலில் மூழ்கியவரைக் காப்பாற்றப் போய் 1930-ல் தன் உயிரை விட்ட டென்மார்க்காரர் ஒருவருக்காக எழுப்பியது அது. நாங்கள் அங்கே நின்று, வாம்-அப் என்ற பெயரில், யார் யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று கணக்கெடுப்போம். பிறகு பெசன்ட் அவென்யூ, அடையாறு பாலம், சாந்தோம், மெரினா. சென்னையில் மேடே கிடையாது என்கிறவர்கள் அடையாறு பாலத்தை ஓடிக் கடக்காதவர்கள். மலைப் பயிற்சிக்கு எங்களுக்கு வாய்த்தவை பாலங்களும் மேம்பாலங்களும்தான். திரும்புகிற இடம் உழைப்பாளர் சிலை. தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து 1959-ல் நிறுவிய அந்த நால்வரின் முகத்தில் தெரிகிற பாட்டுக்குக் காரணமாக ஒரு பாறையாவது இருக்கிறது. எங்களுக்கு அதுவும் இல்லை.

இந்தத் திருப்பம்தான் எங்கள் தலைமைத் தபால் நிலையம். முன்னால் போனவர்கள் திரும்பி எதிரே வருவார்கள். கடந்துபோகிற இரண்டு நொடியில் செய்தி கைமாறும். ஆடிட்டர் சாரின் முழங்கால் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

செப்டம்பர் கடைசியில் ஒரு ஞாயிறு அவர் வரவில்லை. பல் டாக்டருக்கு மட்டும் போன் செய்து, "முட்டி லேசா பிடிச்ச மாதிரி இருக்கு, நீங்க ஓடுங்க டாக்டர்" என்று சொல்லியிருக்கிறார். டாக்டர் வேகக் குழு. எதிரே வந்தவர் எங்களிடம் கொடுத்தது இரண்டே சொல்: "ஆடிட்டர்... முட்டி..." மிச்சத்தைக் கடற்காற்று வாங்கிக்கொண்டது. நடுக் குழுவுக்குப் பொறுப்பு ஜாஸ்தி. ஒரு செய்தியை இப்படி நடுத்தெருவில் அம்போ என்று விட்டுவிட்டு வர மனசு வராது. "முட்டி போச்சாம்" என்று முடித்துவைத்தோம். நாங்களும் திரும்பி, கண்ணகி சிலை அருகே எதிர்ப்பட்ட கடைசிக் குழுவிடம் அதை ஒப்படைத்தோம். சரியாக விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்குக் கையில் சிலம்போடு ஓர் ஆள் அங்கேயே நிற்கிறாள். அண்ணாந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

எட்டு நிமிடக் குழுவின் திறமை அன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்தது. சாந்தோம் வருவதற்குள் ஆபரேஷன் முடிவாகிவிட்டது. பட்டினப்பாக்கத்தில், ஒரு முட்டியோடு நிறுத்தினால் இன்னொன்று கோபித்துக்கொள்ளும், இரண்டையும் சேர்த்தே செய்துவிடுவது நல்லது என்று தீர்மானம். அடையாறு பாலத்தில் ஏறும்போது இன்ஷூரன்ஸ் பற்றி எல்.ஐ.சி. அண்ணன் விளக்கினார். இறங்கும்போது, ஆடிட்டரின் மகன் வெளிநாட்டில் இருப்பதால் ராத்திரி துணைக்கு யார் படுப்பது என்ற பிரச்சினை. டிபன் கடையில் டீச்சரம்மா பில்லின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு, திங்கள் முதல் சனி வரை ஆள் எழுதி முடித்தபோது, ஆடிட்டர் வேட்டியும் திருநீறுமாக ஸ்கூட்டரில் வந்து இறங்கி, "ஒரு பொங்கல், வடை தனியா" என்றார்.

வருமான வரித் தணிக்கை அறிக்கை தாக்கல் செய்ய செப்டம்பர் 30 கடைசி நாள். ராத்திரி மூன்று மணிக்குத்தான் மனிதர் கண்ணையே மூடியிருக்கிறார். அதைச் சொல்லியிருக்கலாமே என்றால், எங்கள் குழுவில் நேரமில்லை என்ற சொல் செல்லாது. சென்னை மேயராக இருந்து, பிறகு அமைச்சரான மா. சுப்பிரமணியன் நூறுக்கு மேல் அரை மாரத்தான் ஓடியவர். "அவரைவிட உமக்கு வேலையா?" என்று கோச் கேட்பார். முட்டி என்றால் கேட்க மாட்டார்.

போட்ட திட்டம் வீணாகிறதே என்ற வருத்தம் எங்களுக்கு இருந்தது. அதனால் முட்டி நன்றாக இருந்தாலும் பரவாயில்லை என்று மறுநாளே அவர் வீட்டுக்குப் பிரண்டைத் துவையல் டப்பாக்கள் போயின. கொல்லிமலை முடவாட்டுக்கால் கிழங்கு சூப்பும் ஒரு தூக்கு நிறையப் போயிற்று. சைவக்காரர்கள் ஆட்டுக்கால் சூப் என்று தைரியமாகச் சொல்லிக் குடிக்கக்கூடிய ஒரே சூப் அது. "அடுத்த மாசமும் இவருக்கு முட்டி வலிக்கட்டும்" என்று ஆடிட்டர் வீட்டு மாமி போனில் சொன்னார்.

இப்படிப்பட்ட குழுவில் செய்தி அடியோடு நின்றுபோன காலமும் உண்டு. ஐ.டி. தம்பி ஒருவன் புதிதாகச் சேர்ந்து, கேடன்ஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தான். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஜாக் டேனியல்ஸ் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர், ஓடியவர்களின் காலடியை எண்ணிப் பார்த்தாராம். (பெயரைக் கேட்டதும் எல்.ஐ.சி. அண்ணன் முகத்தில் வந்த மலர்ச்சி, விஷயம் விளங்கியதும் வாடிப்போனது.) அநேகமாக எல்லோருமே நிமிடத்துக்கு 180 அடியோ அதற்கு மேலோ வைத்தார்கள் என்று தெரிந்தது. அன்று முதல் எங்கள் ஆட்களும் உதட்டுக்குள் எண்ணிக்கொண்டு ஓட ஆரம்பித்தார்கள். அடையாறில் இருந்து மெரினா வரை ஒரு சத்தம் இல்லை. தெருநாய்கள்கூடக் குழப்பத்தோடு எழுந்து பார்த்தன. அந்த மௌனத்தில்தான் பேங்க் அக்காவுக்குத் திருச்சிக்கு மாற்றல் வந்து, அவர் வீடு பார்த்து, பால் காய்ச்சி, சாமான் ஏற்றுகிற வரைக்கும் எங்களில் யாருக்கும் தெரியாமல் போயிற்று. லாரி வந்த பிறகு தெரிகிற செய்தி ஒரு செய்தியா? கோச் காலடி எண்ணுவதற்குத் தடை போட்டார். அந்தத் தம்பி இப்போது எட்டு நிமிடக் குழுவில் இருக்கிறான். அவனுக்குப் பெண் பார்க்கிறார்கள்.

போட்டிப் பத்திரிகையாக ஸ்ட்ராவா இருக்கிறது. ஓடின தூரம், வேகம், போன பாதை எல்லாவற்றையும் வரைபடமாகப் போட்டு ஊருக்குக் காட்டுகிற செயலி. 2018 தொடக்கத்தில், அது வெளியிட்ட உலக வரைபடத்தில் அமெரிக்க ராணுவத்தின் தூர தேச முகாம்களே வெளிச்சம் போட்டுத் தெரிந்து பெரிய அமளியானது. ராணுவத்தாலேயே மறைக்க முடியாததை எல்.ஐ.சி. அண்ணன் மறைத்துவிட முடியுமா? அவருக்குச் சர்க்கரை. ஞாயிறுதோறும் அவருடைய கோடு சாந்தோமில் ஒரு சந்துக்குள் நுழைந்து, ஓரிடத்தில் நன்றாகச் சுருண்டு கிடந்து, திரும்பி வரும். அந்தச் சந்தில் இருப்பது ஒரு போண்டாக் கடை என்பதை அண்ணி கண்டுபிடிக்க அதிக நாள் ஆகவில்லை. இப்போது கடிகாரத்தைக் கழற்றி டாக்டர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போகிறார். அதனால் ஸ்ட்ராவா கணக்கில் அண்ணனுக்கு நடுவயதில் திடீரென்று வேகம் கூடியிருக்கிறது. பாராட்டுகள் குவிகின்றன.

இந்த வம்பெல்லாம் எதற்கு உதவும் என்று கேட்கிறவர்களுக்கு 2015 டிசம்பர் வெள்ளத்தைத்தான் சொல்வேன். போன் இல்லை, கரண்ட் இல்லை. எந்தத் தெரு தாழ்வு, எது அரையடி மேடு என்பது எங்கள் கால்களுக்கு மனப்பாடம். எந்த வீட்டின் கீழ்த்தளத்தில் படுத்த படுக்கையாக ஒரு பாட்டி இருக்கிறார், யார் வீட்டில் கைக்குழந்தை, யாருக்கு இன்சுலின் என்பதும் அப்படியே. கடைசிக் குழுவிடம் பட்டியல் இருந்தது, முதல் குழுவிடம் கால் இருந்தது. வேறு எந்தச் சமயத்திலும் இந்த இரண்டு குழுக்களும் ஒன்றாக ஓடி நான் பார்த்ததில்லை.

மார்கழி வந்தால் பாதை மயிலாப்பூர்ப் பக்கம் ஒடியும். ஜனவரியில் சென்னை மாரத்தான் வருவதால் தூரம் கூடுகிற மாதம் அது. அதே மாதத்தில்தான் கோவில்களில் விடியற்காலையில் வெண்பொங்கல் கிடைக்கிறது. ஓட்டக்காரனுக்கு மாவுச்சத்து அவசியம் என்று அறிவியலே சொல்லும்போது, தொன்னையை வேண்டாம் என்று தள்ளுவது அறிவியலுக்கும் பெருமாளுக்கும் சேர்த்துச் செய்கிற அபசாரம். எங்கள் குழுவில் பயிற்சிக் காலத்தில் எடை கூடாதவர் கோச் ஒருவர்தான். தெரு முழுக்கக் கோலம் என்பதால் இடறாமல், மிதிக்காமல் தாண்டித் தாண்டி ஓட வேண்டும். கோலத்தில் கால் பட்டால், போட்ட மாமி நிமிராமலே ஒரு வார்த்தை சொல்வார். அதற்குப் பிறகு கேடன்ஸ் தானாக 180-க்குப் போகும்.

ஓடி முடித்து வீட்டுக்கு வந்தால் வேறு விசாரணை. பணம் கட்டி ஓடுகிறோம் என்பதை என் மாமியார் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. "கூப்பிட்டவன்தானே பணம் கொடுக்கணும்?" மாரத்தான் நாற்பத்திரண்டு கிலோமீட்டரும் 195 மீட்டரும் என்று சொன்னேன். கூடவே ஒரு 195 மீட்டர் ஏன் என்றார். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் கோட்டையில் கிளம்பி, அரங்கத்தில் ராஜ குடும்பம் உட்கார்ந்திருந்த இடத்துக்கு முன்னால் முடித்தார்கள், அந்தத் தூரத்தையே 1921-ல் நிரந்தரமாக்கிவிட்டார்கள் என்றேன். "வெள்ளைக்காரன் போனாலும் அவன் போட்ட வரி போகலை பாரு" என்றார். இதை எங்கள் ஆடிட்டர் கேட்டுவிட்டு, இப்போது தன் சொந்தச் சரக்காகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். மெடலோடு நின்றபோது மாமியார் கேட்டது ஒன்றுதான்: "ஃபர்ஸ்ட் யாரு?"

மெடல் ஆணியில் தொங்கிவிடும். பனியன்தான் பிரச்சினை. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஒன்று கொடுக்கிறார்கள், கிழியவும் மாட்டேன் என்கிறது. எங்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேன், இஸ்திரிக்காரர், தண்ணீர் கேன் போடும் தம்பி எல்லோருமே முதுகில் 'ஃபினிஷர்' என்று எழுதிக்கொண்டு நடமாடுகிறார்கள். இவ்வளவு இருந்தும் குழுவுக்கென்று தனிப் பனியன் வேண்டும் என்று இந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் வந்தது. நிறத்தில் சிக்கிக்கொண்டது. தமிழ்நாட்டில் கட்சி இல்லாத நிறம் ஒன்றைக் கண்டுபிடிப்பது மாரத்தானைவிடக் கஷ்டம். கறுப்பு, சிவப்பு தனித்தனியாகவும் ஆகாது, சேர்ந்தும் ஆகாது. பச்சை என்றதும் ஒருவர் இலை என்றார். காவியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நீலம், மஞ்சள் ஒவ்வொன்றுக்கும் ஒருவர் எழுந்து நின்றார். வெள்ளை போடலாமே என்றவரிடம், எந்தக் கட்சிக்காரர் வெள்ளை போடாமல் இருக்கிறார் என்று டீச்சரம்மா கேட்டார். கடைசியில் மிஞ்சியது பரீட்சைக்குப் படிக்கிறபோது பிள்ளைகள் கோடு போடுவார்களே, அந்தப் பேனாவின் கண் கூசும் நிறம். இருட்டில் வண்டிக்காரர்களுக்குத் தெரியட்டும் என்று பளபளக்கும் பட்டையும் வைத்துவிட்டார்கள்.

வண்டிக்காரர்களுக்கு நன்றாகவே தெரிகிறது. மெட்ரோ வேலையால் தினம் ஒரு பக்கம் சாலை மாறுகிறதா, எங்களைப் பார்த்ததும் அதிகாரப்பூர்வமான ஆட்கள் என்று நினைத்து வண்டியை ஓரங்கட்டி வழி கேட்கிறார்கள். அப்படித்தான் ஒரு பெரியவர் திருவான்மியூரில் கல்யாண மண்டபம் பார்க்கப் போக வழி கேட்டார். டீச்சரம்மா நின்றுவிட்டார். வழியோடு விடவில்லை, எந்த மண்டபத்தில் தண்ணீர் வரும், எங்கே கார் நிறுத்த இடம் போதாது, எந்தச் சமையல்காரர் சாம்பாரைக் கெடுப்பார் எல்லாம் சொல்லி, பையன் என்ன வேலை என்று கேட்டு, நம்பரும் வாங்கிக்கொண்டார். போன வாரம் டிபன் கடை விலாசத்துக்குப் பத்திரிகை வந்திருக்கிறது, 'ஓட்டக்காரர்கள் அனைவருக்கும்' என்று எழுதி.

முகூர்த்தம் ஞாயிறு காலை ஆறிலிருந்து ஏழரைக்குள். அன்றைக்கு லாங் ரன் உண்டா, மண்டபம் வரைக்கும் ஓடியே போய்விடலாமா, அந்தப் பனியனோடு பந்தியில் உட்கார்ந்தால் பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று வாட்ஸ்அப்பில் விவாதம் போய்க்கொண்டிருக்கிறது. கோச் இன்னும் வாய் திறக்கவில்லை. மொய் தலைக்கு எவ்வளவு என்று ஆடிட்டர் முடிவு செய்துவிட்டார். சங்கக் கணக்கில் காட்டப்போகிறாராம், ரசீது கேட்கிறார்.