எல்லை தாண்டினால் கட்டணம் இல்லை

உயர்தர வங்கி அட்டைக்காரர்கள் கேட்கும் வசதிகள் ஊரறிந்தவை: விமான நிலைய லவுஞ்ச், கோல்ஃப், எரிபொருள் சலுகை, வெளிநாட்டுச் செலவுக்குக் குறைந்த கட்டணம். எங்கள் மீனவ ஊரான பாம்பனுக்கு இந்த அட்டையைக் கொண்டுவருவதென்றால் சில திருத்தங்கள் வேண்டும்.

லவுஞ்சைப் பார்க்க மதுரை வரை போகணும். அதற்குப் பதில் வலை பின்னுகிற கொட்டகையில் ஒரு மின்விசிறி போதும். கோல்ஃபுக்கு மணல் உண்டு, புல்தான் இல்லை. எரிபொருள் சலுகைக்கு வைக்கிற உச்சவரம்பு, விசைப்படகு எஞ்சின் சூடேறவே காணாது.

வெளிநாட்டு வசதிதான் இங்கே உயிர்நாடி. 2020 அக்டோபர் முதல் புதிய அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே வரவேண்டும், வேண்டியவர் திறந்துகொள்ளலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆகவே அட்டை தெரியாமல் எல்லை தாண்டாது. இந்தியாவும் இலங்கையும் 1974-லும் 1976-லும் ஒப்பந்தம் போட்டுக் கடலில் கிழித்த கோட்டுக்கு அப்படியொரு பொத்தானை யாரும் வைக்கவில்லை. படகு தாண்டினால் அபராதம் இலங்கை ரூபாயில், நீதிமன்றத்தில். ரிவார்டு பாயின்ட் கிடையாது.

அட்டை தொலைந்தால் ஒரு போன். மாற்று அட்டை வீடு தேடி வரும். பிடிபட்ட படகுக்கு எந்த எண்ணை அழுத்துவது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அதற்கு அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணத்துக்குக் ‘கேஷ்பேக்’ என்று பெயர் வைத்துவிட்டால் நாங்களும் பிரீமியம்தான். ஆண்டுக் கட்டணம் கேட்பவர் மட்டும் ஜூன் 15-க்குப் பிறகு வரட்டும்.