பழமே, விடைபெறு!

பாலைப்பழம் எவ்வளவு அநாகரிகமானது! கொட்டையைத் துப்பவேண்டும், பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும். திருகோணமலைப் பாலையூற்று வாசிகள் இதைத் தின்று எப்படித்தான் காலம் தள்ளினார்களோ. இப்போது கவலையில்லை. கடைத்தட்டில் பழப் பிழிவு வந்துவிட்டது. பாலுக்குள் ஊற்றலாம், கேக்கில் கலக்கலாம். துணிச்சல் இருந்தால் புட்டுக்கும் தொட்டுக்கொள்ளலாம்.

செய்முறையோ அற்புதம். சாற்றைக் காய்ச்சுகிறார்கள், வாசனை ஆவியாகிறது. அதைத் துரத்திப் பிடித்துத் திரும்பச் சேர்க்கிறார்கள். சூட்டில் குறைந்த விற்றமின் சீயை வெளியிலிருந்து இடுகிறார்கள். பழத்துக்கு இத்தனை சிரத்தையை மரம்கூட எடுத்ததில்லை.

2015இல் உலக சுகாதார நிறுவனம் பழச்சாற்றுச் சீனியையும் தேநீரில் போடும் சீனியையும் ஒரே கணக்கில் எழுதியது. பொறாமைதான், வேறென்ன? மறுவருடம் நம் இலங்கை அரசாங்கமும் சேர்ந்துகொண்டது: 100 மில்லிலீற்றர் பானத்தில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் போத்தலில் சிவப்பு அடையாளம். திருகோணமலைக்காரர் மிரளுவார்களா? துறைமுக வாயிலில் சிவப்பு விளக்கைக் கண்டு எந்தக் கப்பல் திரும்பிப் போயிருக்கிறது?

பிழிந்தபின் மிஞ்சும் நாரையும் வீணாக்குவதில்லை. காயவைத்து, அரைத்து, நார்ச்சத்துத் தூளாகப் பேணியில் அடைக்கிறார்கள். மலச்சிக்கலுக்கு நல்லதாம். போத்தலை ஒரு கடையில் வாங்கி, பேணியை மருந்துக்கடையில் வாங்கி, இரண்டையும் தண்ணீரில் கலக்கினால் ஏறக்குறைய ஒரு பழம் கிடைக்கிறது. திராட்சைக் கொட்டையின் சத்துகூட வில்லையாக வந்தாயிற்று. இனித் தோல் ஒன்றுதான் பாக்கி. அதற்கும் யாராவது தொழிற்சாலை திறப்பார்கள், பொறுத்திருப்போம்.