மலிவாக ஒரு கேஸ் அடுப்பு வாங்குவது எப்படி?

புது கேஸ் அடுப்பு வாங்கப் போகிறீர்கள். பட்ஜெட் கம்மி. கவலையை விடுங்கள். கீழே சொன்னபடி செய்தால் கம்மியில் ஆரம்பித்து அதிகத்தில் முடிக்கலாம். பாதி வேலை உங்களுக்கு ஏற்கெனவே அத்துப்படி.

1. சமைக்கிறவரைக் கடைக்குக் கூட்டிப் போகாதீர்கள். வந்தால் குனிந்து பர்னரைத் தொட்டுப் பார்ப்பார், கேள்வி கேட்பார், நேரம் வீண். ஆடித் தள்ளுபடியில் அப்பாவும் மகனுமாகப் போங்கள். வீட்டுக்கு வந்து "சர்ப்ரைஸ்!" என்று சொல்லுங்கள். ஆசையாக வாங்கிக் கொடுத்த பொருளில் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. அடுப்பு இருக்கும் வரைக்கும் உங்களுக்கு நிம்மதி.

2. மேடையை அளக்காதீர்கள். நான்கு பர்னர் கேளுங்கள். வீட்டில் மூன்று பேர்தானே என்று கடைக்காரர் கேட்க மாட்டார், பயப்படாதீர்கள். மறுநாள் காலையில் முன் பர்னரில் இட்லிப் பானை ஏறும். அதன் வயிறு பக்கத்துப் பர்னரை மறைத்துக்கொள்ளும், அங்கே இனி டம்ளர்கூட நிற்காது. பின்னால் ரசம் நுரை கட்டிவிட்டதா என்று பார்க்க, முன்னால் எரியும் தீக்கு மேலே கையை நீட்ட வேண்டும். நைட்டியின் கை தொளதொளவென்று இருந்தால் விறுவிறுப்புக்குக் குறைவே இருக்காது. ஆறு மாதத்தில் பின் பர்னர் ஒன்றின் மேல் எண்ணெய்த் தூக்கும் இன்னொன்றின் மேல் உப்பு ஜாடியும் குடியேறிவிடும். நான்குக்குக் காசு கொடுத்து இரண்டில் சமைக்கிற நிலைக்கு வந்துவிட்டீர்கள். இதை நேரடியாக இரண்டு பர்னர் வாங்கியும் சாதிக்கலாம்தான், ஆனால் அதில் கௌரவம் இல்லை.

3. கண்ணாடி மேல்தட்டுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடியுங்கள். கருப்புக் கண்ணாடியில் உங்கள் முகம் தெரிகிறதா? பில் போடச் சொல்லுங்கள். எவர்சில்வர் வேண்டாம். அது அம்மா காலத்துச் சமாச்சாரம், வருஷக்கணக்காக உழைத்து அலுப்பேற்றும். புதுக் கண்ணாடியில் பால் பொங்கி வழிந்ததும், சூடு ஆறும்வரை பொறுக்காமல், பச்சைத் தண்ணீரில் நனைத்த துணியைப் போட்டுத் துடையுங்கள். தினமும் செய்யுங்கள். டஃபன்டு கிளாஸ் பெரிய துண்டுகளாக உடையாது, கல்கண்டு மாதிரி பொடிப் பொடியாகச் சிதறும். அடுப்பில் இருக்கிற சாம்பாருக்கும் பங்கு உண்டு. அன்றைக்கு வாரன்டி அட்டையை எடுத்து, கண்ணாடிக்கும் சேர்த்துத்தானா என்று முதன்முறையாகப் படியுங்கள்.

4. டீ போடுகிற சின்னப் பாத்திரத்தைக் கையோடு எடுத்துப்போய், பான் ஸ்டாண்டின் மேல் வைத்துப் பார்க்கிற அல்பத்தனம் வேண்டாம். ஷோரூமில் பாத்திரத்தோடு நிற்பதாவது! வீட்டில் அது நான்கு கம்பிகளுக்கு நடுவே ஒரு பக்கமாகச் சாயும். ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்தபடி டீ போடப் பழகிவிடுவீர்கள்.

5. ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடாதீர்கள். வீட்டு கேஸ் அடுப்புக்கு ஐ.எஸ். 4246 என்று ஒரு தரநிலை உண்டு. எரிகிற வாயுவின் சூட்டில் குறைந்தது 68 சதவீதமாவது பாத்திரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்கிறது. உங்களுக்கு எதற்கு அந்தக் கணக்கு? முத்திரை இல்லாதது சில நூறு ரூபாய் குறைவு, அதைப் பாருங்கள். பாத்திரத்துக்குப் போகாத சூடு வீணாகாது, சமையலறையில் நிற்கிறவருக்குப் போகும். மிச்சம் பிடித்த பணத்தை ஒவ்வொரு 14.2 கிலோ சிலிண்டரிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கட்டுங்கள். வட்டி உண்டு.

6. பழைய அடுப்பை எக்சேஞ்சில் தள்ளிவிடுங்கள். அதன் கனத்த பித்தளை பர்னர்களை மட்டும் எடை போட்டால் என்ன கிடைக்கும் என்று யோசிக்காதீர்கள். கடைக்காரர் யோசித்துவிட்டார்.

7. அடுப்புதான் புதுசு, டியூப் எதற்குப் புதுசு? பழையதையே மாட்டுங்கள். ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூப்பை 5 வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்கிறார்கள். தயாரித்த வருஷம் அதன் மேலேயே அச்சாகியிருக்கும். தாளிப்புப் பிசுக்கு அதை மறைத்திருப்பதால் உங்கள் மனசாட்சிக்குத் தொந்தரவு இல்லை. ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம் கூடாது என்பதையும் மறந்துவிடுங்கள். நீளமாக விட்டால் அடுப்புக்கு அடியிலேயே சுற்றி வைக்கலாம், அங்கேதான் கதகதப்பு.

8. தீ மஞ்சளாக எரிந்தால் ரசியுங்கள். காற்று சரியாகக் கலக்கவில்லை, பர்னர் துளையைச் சுத்தம் செய் என்று யாராவது சொல்வார்கள். நீலமாக எரிந்தால்தான் சரியாம். பாத்திரத்தின் அடி கருத்தால் தேய்ப்பது எப்படியும் நீங்கள் இல்லையே.

9. என்றாவது ஒரு ராத்திரி வாடை வரும். எல்பிஜிக்குச் சொந்த மணம் கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் அந்த நாற்றத்தைக் கலந்து அனுப்புகிறார்கள். அது காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கி நிற்கும். ரெகுலேட்டரை மூடி, சன்னல் கதவுகளைத் திறந்து, எந்த சுவிட்சையும் தொடாமல் எல்லோரையும் வெளியே அனுப்புகிறவர்கள் பயந்தாங்கொள்ளிகள். நீங்கள் வழக்கம்போல "யாருக்காவது வாடை வருதா?" என்று குரல் கொடுங்கள். தூங்கப் போனவர்கள் உட்பட மொத்தக் குடும்பமும் சமையலறைக்கு வந்து, மூக்கைத் தூக்கிக்கொண்டு வட்டமாக நிற்கட்டும். "எனக்கு வரலையே" என்று மாமா சொல்லட்டும். அவருக்கு ஜலதோஷம். "பக்கத்து வீடா இருக்கும்" என்று ஒருவர் தீர்ப்பு சொல்லட்டும். இருட்டில் எப்படிப் பார்ப்பது என்று யாராவது லைட் சுவிட்சைத் தேடுவார்கள். 1906 என்று ஒரு அவசர எண் இருக்கிறது, ராத்திரியிலும் எடுப்பார்கள். குறித்து வைத்திருந்தால் வெளியே போய் நின்று கூப்பிடலாம். ஆனால் சுவரில் எழுதி ஒட்டினால் டைல்ஸின் அழகு கெட்டுவிடும் என்று சொன்னவர் நீங்கள்தான்.