திறவாக் கூரை திறந்தவாறு: வைனில் உறையும் உள்துருவும் பற்றிய ஓர் ஆய்வு

அமெரிக்க மஸில் கார்களைப் பற்றிய எழுத்துகள் இன்ஜினின் கன அங்குலக் கணக்கையும், கால் மைலை எத்தனை விநாடியில் கடந்தது என்ற கணக்கையும் தாண்டுவது அரிது. பானட்டைத் திறந்து குனிந்த அறிஞர்கள் இன்னும் நிமிரவில்லை. அதனால் கூரை ஆராய்வாரற்றுக் கிடக்கிறது. 1960களின் பிற்பாதியிலும் 1970களிலும் டெட்ராய்ட் நிறுவனங்கள் எஃகுத் தகட்டுக் கூரையின்மேல் ரெக்சின் போன்ற வைனில் உறையை ஒட்டி, அதற்குத் தனியாகப் பணமும் வாங்கின. அழகுக்கு ஒட்டினார்கள், அடியில் துரு பிடித்தது, ஆகவே அது ஒரு வடிவமைப்புப் பிழை என்பது பொதுவான தீர்ப்பு. இந்தத் தீர்ப்பை மாற்றி எழுத வேண்டும் என்பது நம் வாதம். திறக்க முடியாத கூரையைத் திறக்கக்கூடியதுபோலக் காட்ட வந்த உறை அது. முப்பது நாற்பது ஆண்டு ஓசையின்றி உழைத்து அந்தக் கூரையை மெய்யாகவே திறந்துவிட்டது. கொடுத்த வாக்கை இவ்வளவு முழுமையாகக் காப்பாற்றிய உறுப்பு அந்தக் கார்களில் வேறொன்றில்லை.

அப்படி ஒரு வாக்கு இருந்ததா என்பதை முதலில் காட்டியாக வேண்டும். மடக்கும் துணிக்கூரை கொண்ட கன்வெர்ட்டிபிள், வசதியுள்ளவர்களின் வண்டி. மழைக்கு ஒழுகும், குளிருக்கு ஆகாது, விலையும் கூடுதல். அந்தத் தொல்லைகளை விட்டுவிட்டுத் தோற்றத்தை மட்டும் விற்கலாமே என்ற யோசனை பழையது. 1956இல் வந்த கடிலாக் எல்டொராடோ செவில், நிலையான கூரைக்கு உறை போர்த்திக்கொண்டு நின்றது. 1962இன் ஃபோர்ட் தண்டர்பேர்ட் லாண்டோ ஒருபடி மேலே போனது: குதிரை வண்டிகளில் கூரையை மடக்கப் பயன்பட்ட வளைந்த கம்பிகளின் உருவை, எதையும் மடக்காத கூரையின் இருபுறமும் பதித்தது. வஞ்சகம் என்று சொல்ல முடியாது. வாங்கியவருக்கும் எல்லாம் தெரியும். பிறகு மஸில் கார் பிறந்து வளர்ந்தபோது செவெல், சார்ஜர், ஜிடிஓ எல்லாவற்றுக்கும் உறை கிடைத்தது. பாண்டியாக் நிறுவனம் அதற்குக் கார்டோவா என்று ஸ்பானிய மணத்தோடு பெயர் வைத்தது. 1969, 1970 மாடல்களில் பிளிமத் பூப்போட்ட கூரையையே விற்றது. சாலையில் ரப்பரைக் கருக்கும் வண்டிக்குத் தலையில் பூ எதற்கு என்ற கேள்வி தனி ஆய்வுக்குரியது.

இனி வாக்கு நிறைவேறிய விதம். கூரைத் தகடும் பின்பக்கத் தகடும் சேருமிடம், அதாவது பின்கண்ணாடியின் இருபுறத் தோள், ஈயம் நிரப்பி மூடப்பட்ட இணைப்பு. மேலே பெயிண்ட் மட்டும் வருவதானால் அதை அராவி, தேய்த்து, தடம் தெரியாமல் ஆக்க வேண்டும். உறை வரப்போகிறது என்றால் யாருக்கு அந்தப் பொறுமை? பல கார்களில் உறையின் அடியில் பிரைமரும் பெயரளவுக்குத் தெறித்த பெயிண்டும்தான். அதன்மேல் பசை, பசையின்மேல் பருத்தித் துணியை முதுகில் சுமந்த வைனில். உறையின் இரண்டு நீளத் தையல்களிலும் வரிசையாக ஊசித் துளைகள். பின்கண்ணாடியைச் சுற்றிய பளபளப்புப் பட்டைகள், தகட்டில் பற்றவைத்த சிறு குமிழ்களில் மாட்டிய கிளிப்புகளில் நிற்பவை. தண்ணீருக்கு இத்தனை வாசல் உண்டு, வெளியேற ஒன்றும் இல்லை. பருத்தி ஈரத்தைக் குடித்துப் பிடித்துக்கொள்ளும்; வெயில் உறையைச் சுடுமே தவிர அடியிலுள்ள ஈரத்தைத் துடைக்காது. துருவோ தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும் பொருள். ஆகவே உறை கொப்புளிக்கும், கொப்புளத்தில் தையல் இளகும், இளகிய வழியே இன்னும் தண்ணீர் வரும். வைனிலும் சும்மா இருக்காது. விறைப்பான பிவிசியை மென்மையாக்கும் வழியை பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தின் வால்டோ செமன் 1926இல் கண்டறிந்தார். அந்த மென்மை சேர்மானத்தால் வந்தது. வெயிலில் அந்தச் சேர்மானம் பிரிந்து போகப் போக, உறை இறுகிச் சுருங்கி ஓரங்களை விட்டு விலகும். பின்கண்ணாடியின் கீழே சருகும் மண்ணும் சேர்ந்த பள்ளத்தில் தேங்கிய நீர், வழி கண்டதும் டிக்கிக்குள் இறங்கும். அதோடு கூரை திறந்தாயிற்று.

எல்லாக் காரும்தான் துருப்பிடிக்கிறது, உறைமேல் ஏன் பழி என்பார் முதல் மறுப்பாளர். பதில், துருவின் திசையில் இருக்கிறது. டெட்ராய்ட் நகரத்துக்கு அடியில், 1,100 அடிக்கும் கூடுதலான ஆழத்தில், உப்புச் சுரங்கம் இருக்கிறது. அந்த உப்பு பனிக்காலத்தில் சாலைகளில் கொட்டப்படுகிறது. மேலே கார் செய்து கீழே அதற்கு எமன் தோண்டும் ஊர் வேறெங்கும் உண்டா என்பது தெளிந்த பிறகே வரலாற்றாசிரியர்கள் ஓயலாம். அந்த உப்பு சக்கர வளைவையும் தரையையும் கதவின் அடிப்பட்டையையும் முதலில் பிடிக்கும். துரு கீழிருந்து மேலே ஏறும். உறையில்லாத காரில் கூரைதான் கடைசியில் விழும். உறையுள்ள காரிலோ, தரை கெட்டியாக இருக்கும்போதே கூரை அரித்துப் போயிருப்பதைக் காணலாம். இந்தத் தலைகீழுக்கு உறையைத் தவிர வேறு காரணம் காட்டுவது கடினம். அரிசோனாவிலும் தென் கலிஃபோர்னியாவிலும் உறை போர்த்த கார்கள் நன்றாகத்தானே இருக்கின்றன என்பார் இரண்டாமவர். பாதி உண்மை, ஒப்புக்கொள்வோம். ஆனால் அந்த வறண்ட வெயில்தான் உறையைப் பிளந்து வைக்கிறது. அந்தக் கார் ஒருநாள் ஒஹையோவுக்கு விலைபோய், முதல் மழையை ஆயத்தமான வெடிப்புகள் வழியே குடிக்கும்.

உறையைப் பிய்த்து எறிந்து பெயிண்ட் அடித்தால் போயிற்று என்னும் மூன்றாம் மறுப்புதான் கெட்டிக்காரத்தனமானது. இதைச் சொல்பவர் காரை அறிந்த அளவு சேகரிப்பாளரை அறியவில்லை. கிரைஸ்லர் கார்களில் பானட்டுக்கு அடியில் ஒரு சிறு தகடு இருக்கும். அதில் வி1எக்ஸ் என்று பொறித்திருந்தால் அந்தக் கார் கறுப்பு வைனில் கூரையோடு பிறந்தது. பிறந்த கோலத்தில் இல்லாத காருக்கு மதிப்புக் குறைவு. எனவே நல்ல பட்டறைக்காரர் அரித்த தகட்டை அறுத்து, புதுத் தகடு பற்றவைத்து, எபாக்ஸி பிரைமர் அடித்து, பக்கவாட்டுக்கு நிகராகக் கூரைக்கும் பெயிண்ட் அடித்து, பிறகு அதன்மேல் பசையைத் தடவி உறையை ஒட்டுகிறார். காரிலேயே மிகச் சிரத்தையான வேலை, எவர் கண்ணுக்கும் படாத வேலையாக முடிகிறது.

இந்த வாதத்தின் உச்சச் சான்று 1970இன் பிளிமத் சூப்பர்பேர்ட். நாஸ்கார் பந்தயத்துக்காகக் கூர்மூக்கும் உயர்ந்த வாலும் பூட்டி, ஏறத்தாழ 1,900 கார்கள் செய்யப்பட்டன. முந்தைய ஆண்டின் டாட்ஜ் டேடோனாவுக்கு 500 செய்தால் போதும் என்றிருந்த விதி, இப்போது விற்பனையாளர்களின் எண்ணிக்கையில் பாதியளவு கேட்டது. காற்று வழுக்கிப் போகப் பின்கண்ணாடியை மாற்றியதால் அதைச் சுற்றிப் புதிய பற்றவைப்புத் தழும்புகள். அவற்றைத் தேய்த்து மழமழப்பாக்க நேரமும் செலவும் ஆகும். தீர்வு: ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் கறுப்பு வைனில். ஆக, இங்கே உறைக்கு அலங்கார நோக்கமே இல்லை. அது வேலை முடியாததற்குப் போட்ட மூடி. அந்த மூடி இல்லாத சூப்பர்பேர்டை இன்று யாரும் அசல் என்று ஏற்பதில்லை.

எஞ்சியது, துரு உண்டா என்று அறியும் வழி. சைவ சித்தாந்தம் காட்சி, கருதல், உரை என மூன்று அளவை கொள்ளும். காட்சியை உறை மறைத்துவிட்டது. கருதலுக்கு நூல்கள் புகையைக் கண்டு நெருப்பை அறிவதைக் காட்டும். நமக்குக் கொப்புளம் புகை. விரலால் அழுத்தினால் நறநறவென்றால் ஐயமில்லை. ஆனால் பழுக்கக் காய்ந்த இரும்பில் புகையில்லாத நெருப்பும் உண்டு என்பது தருக்க நூலார் அறிந்ததே. துருமேல் பட்டி பார்த்துப் புது உறை போர்த்திய கூரை, கன்னம்போல் வழவழப்பாக இருக்கும். உரை என்பது நம்பத்தகுந்தவரின் சொல். விற்பவர் எப்போதும் மேல்துருதான் என்பார். ஆகவே கூரையை உள்ளிருந்து பார்க்க உள்கூரைத் துணியை அவிழ்க்கச் சம்மதமா என்று அவரிடம் கேட்பது நல்லது. உடனே சம்மதிப்பவரின் காரில் பெரும்பாலும் அவிழ்க்க வேண்டியதே இராது. தயங்குபவரிடம் அவிழ்க்காமலே விடை கிடைத்துவிடும்.